எட்டுப் பேருக்குச் சொதி

சொதி செய்து போடுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. எங்களில் ஒருவனுக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை அவன் கிளம்ப வேண்டும். கோவை பீளமேட்டில் இரண்டு வருடங்களாக ஒரே மெஸ்ஸில், ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் நாங்கள். வழியனுப்பு விருந்தை எந்த ஓட்டலில் வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, "என் வீட்டில் வைத்துக்கொள்வோம், நானே சமைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். புரட்டாசி மாதம், அதிலும் சனிக்கிழமை. இரண்டு பேர் அசைவம் தொடமாட்டார்கள். எனவே சைவம்தான். எங்கள் ஊரில் சைவ விருந்து என்றால் சொதிக்கு மேலே ஒன்றும் இல்லை.

திருநெல்வேலிப் பக்கம் சொதி என்பது அன்றாடக் குழம்பு அல்ல. கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் போடுவது. தேங்காய்ப்பாலில் காய்களும் பயத்தம்பருப்பும் வெந்து, வெள்ளையாக, லேசான இனிப்பும் உறைப்பும் கடைசியில் எலுமிச்சைப் புளிப்புமாக இருக்கும். கூடவே இஞ்சித் துவையல் கட்டாயம் வேண்டும். அத்தனை தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தமாகத் தங்கிவிடக் கூடாதே என்பதற்காக. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் காரக்கறி, அப்பளம். யாழ்ப்பாணத்திலும் சொதி உண்டு. அது மஞ்சள் போட்டு, நீர்க்க, இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்வது. நான் சொல்வது நெல்லைச் சொதி.

அதுவரை நான் சமைத்ததெல்லாம் எனக்கு மட்டும். ரசம், பருப்பு, முட்டைப் பொரியல், எப்போதாவது ஒரு தக்காளிச் சாதம். இன்னொருவர் இலையில் நான் சமைத்ததைப் பரிமாறியதே இல்லை. அதனால் வியாழக்கிழமை இரவு, அம்மாவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் அளவுக்கு ஓர் ஒத்திகை பார்த்தேன். அரைத் தேங்காய், இரண்டு கைப்பிடி காய், ஒரு கைப்பிடி பருப்பு. ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. பால் சற்று நீர்த்திருந்தது, மற்றபடி அம்மா கையின் ருசியில் பாதியாவது வந்திருந்தது. அன்றிரவே ஒரு தாளில் எல்லா அளவுகளையும் எழுதி, நேரே நான்கால் பெருக்கிவைத்தேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் இருந்த பிழைகளைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதல் தடவை நண்பர்களுக்குச் சமைக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தாளைத்தான் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் பிழை நேரம். ஒத்திகைக்கு ஒன்றேகால் மணி, விருந்துக்கு இரண்டரை மணி போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அடுப்பு நேரத்தை மட்டும்தான் எண்ணினேன், கைவேலையை எண்ணவில்லை. இரண்டு பேருக்கு உரித்த எட்டு சின்ன வெங்காயம் கால் கிலோவாகும்போது அது ஒரு தனி வேலை. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு தலா கால் கிலோ, உரித்த பட்டாணி ஒரு டம்ளர், மூன்று முருங்கைக்காய். இவற்றை நறுக்கி முடிக்கவே ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. நல்லவேளையாக, சனிக்கிழமை விடியற்காலையிலேயே சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குப் போய்க் காய் வாங்கிவந்துவிட்டேன். மதியம் போய் வாங்கலாம் என்று இருந்திருந்தால் விருந்து பத்து மணிக்குத்தான் நடந்திருக்கும். வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுவைத்து உரித்தால் தோல் வழுக்கிக்கொண்டு வருகிறது, கண்ணும் அவ்வளவு எரியவில்லை. உருளைக்கிழங்கை நறுக்கியதும் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும். இவையெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஆனால் எட்டுப் பேர் அளவில் ஒவ்வொன்றும் பெரிய உதவி.

இரண்டாவது, பாத்திரம். என்னிடம் இருந்ததில் பெரியது மூன்று லிட்டர் குக்கர். அரிசியைத் தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதால், ஒரு தடவைக்கு நானூறு கிராம் அரிசிதான் வைக்க முடியும். இளவட்டங்கள் எட்டுப் பேர், அதுவும் சொதிக்குச் சோறு இரண்டாம் தடவையும் கேட்கும். ஆளுக்கு நூற்றைம்பது கிராம் அரிசி என்று வைத்தேன். ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, மூன்று ஈடு. அந்தக் கணக்குச் சரியாக இருந்தது. ஒரு கரண்டிச் சோறுதான் மிஞ்சியது. ஒவ்வொரு ஈடும் ஆவி அடங்கித் திறப்பதற்கு அரை மணி நேரம் பிடித்தது. வெந்ததை ஹாட்பாக்ஸில் மாற்றி மூடிவைத்தேன்.

சொதிக்கு ஏழு லிட்டர் பிடிக்கும் பாத்திரம் வேண்டும். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து கனமான எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொடுத்தார். "எத்தனை பேர் கண்ணு?" என்றார். எட்டு என்றேன். "இது அடி கனமானது. சூடேறவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும், பார்த்துக்கொள்" என்றார். நான் பாத்திரத்தின் அகலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதைக் காதில் வாங்கினேன், மனத்தில் வாங்கவில்லை.

மூன்றாவது, அடுப்பு. என் அடுப்பில் இரண்டு பர்னர்கள். தாளில் எல்லாப் பதார்த்தங்களும் இருந்தன. எது எந்த பர்னரில் எத்தனை மணிக்கு என்பது இல்லை. ஆறு மணிக்கு ஒரு பக்கம் சோறு, மறு பக்கம் பருப்பு. காய் வேகவைக்கவும் இடம் இல்லை, உருளைக்கிழங்கு வறுக்கவும் இடம் இல்லை. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது இஞ்சித் துவையல்தான். அதை முந்தின இரவே அரைத்து வைத்திருந்தேன். நூற்றைம்பது கிராம் இஞ்சியைத் தோல் சீவி, வில்லைகளாக நறுக்கி, நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கினேன். உளுத்தம்பருப்பும் காய்ந்த மிளகாயும் தனியாக வறுத்து, புளி, வெல்லம், உப்பு சேர்த்து அரைத்தேன். இஞ்சி நார் இல்லாமல் இளசாக இருக்க வேண்டும், வதக்கல் போதாமல் இருந்தால் பச்சை வாடை நிற்கும். இந்தத் துவையல் ஒரு நாள் இருந்தால் இன்னும் ருசி கூடுகிறது. விருந்துப் பட்டியலில் முந்தின நாளே முடித்துவைக்கக்கூடிய பதார்த்தம் ஒன்றாவது இருக்கட்டும். ஆறு மணி வாக்கில் மனம் கலங்கும்போது, ஒன்றாவது முடிந்திருக்கிறதே என்ற நினைப்பு பெரிய தைரியம்.

காரக்கறியில் ஒரு பாடம் கிடைத்தது. ஒன்றரைக் கிலோ கிழங்கை அரைவேக்காடாக வேகவைத்து, தோலுரித்து, மொத்தமாக ஒரே வாணலியில் கொட்டினேன். வாணலி நிறைந்தது. பத்து நிமிடம் கிளறியும் முறுகவில்லை. கிழங்கு வியர்த்து, குழையத் தொடங்கியது. காரணம் எளிது. கிழங்கிலிருந்து கிளம்பும் ஆவி வெளியேற இடம் இல்லாமல், கிழங்குகளுக்கு இடையிலேயே சுற்றிவந்து அவற்றை வேகவைக்கிறது. வறுபடுவதற்கு ஈரம் போக வேண்டும். ஈரம் போக இடம் வேண்டும். பாதியை ஒரு தாம்பாளத்துக்கு எடுத்துவிட்டு, மீதியைப் பரப்பிவிட்டதும் ஐந்தாறு நிமிடத்தில் ஓரம் பொன்னிறமாகிச் சலசலவென்று சத்தம் மாறியது. இரண்டு ஈடாக வறுத்து, கடைசியில் ஒன்றாக்கி மிளகாய்த்தூளும் பெருங்காயமும் தூவினேன். வெங்காயம் வதக்கும்போதும் இதே கதைதான்.

இப்போது சொதிக்கு வருகிறேன்.

தேங்காய் வாங்கும்போது முற்றியதாகப் பார்க்க வேண்டும். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், குலுக்கினால் தண்ணீர் ஆடும் சத்தம் கேட்க வேண்டும். இளந்தேங்காயில் பால் தண்ணீராக வரும். மிகவும் உலர்ந்ததில் எண்ணெய் வாடை அடிக்கும். என் தாளில் இரண்டு என்று இருந்தது. ஒத்திகையில் பால் நீர்த்திருந்ததைக் கேட்டுக்கொண்ட அம்மா, "மூன்றாக வாங்கு ஐயா, விருந்துக்குக் குறைக்காதே" என்றாள். துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மிக்சியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் கொட்டிப் பிழிந்தேன். முதல் பிழிவில் பால் சந்தனம்போல் கெட்டியாக, விரலிடுக்கில் வழியாமல் சொட்டுச் சொட்டாக இறங்கியது. துணியை முறுக்க முறுக்க மணிக்கட்டு வலித்தது. சக்கையை உதிர்த்து, மறுபடி தண்ணீர் விட்டு அரைத்து இரண்டாம் பால்; மறுபடியும் மூன்றாம் பால். மூன்று பாத்திரங்களில் தனித்தனியாக வைத்து, மறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் அருகிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அத்தனை கரண்டிகளை வைத்தேன். இந்தப் பால்கள் மாறிவிட்டால் சொதி சொதியாக இராது.

பயத்தம்பருப்பை வாசம் வரும்வரை வறுத்து, குழைய வேகவைத்து மசித்துக்கொண்டேன். குடிதண்ணீரில்தான் வேகவைக்க வேண்டும். ஆழ்குழாய் உப்புத் தண்ணீரில் பருப்பு வேக மறுக்கும். காய்கள் மூன்றாம் பாலில் வேக வேண்டும். ஒத்திகையில் ஐந்தே நிமிடத்தில் கொதி வந்த அதே பர்னரில், நான்கு மடங்குப் பால் கொதிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அதே தீ, நான்கு பங்கு கனம்; வேறு எப்படி ஆகும்? ஆனால் என் தாளில் அங்கேயும் 'ஐந்து நிமிடம்' என்றுதான் இருந்தது. ஏழே முக்காலுக்கு நண்பர்கள் வந்துவிட்டார்கள். காய் அப்போதுதான் வேகத் தொடங்கியிருந்தது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவன் வாழை இலைகளைத் துடைத்தான், ஒருவன் அப்பளம் பொரித்தான், நாகர்கோவில்காரி எலுமிச்சைப் பழங்களை நறுக்கி விதை எடுத்துவைத்தாள். விருந்தாளியை வேலை வாங்குவதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கூடத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதைவிட, அடுக்களையில் நிற்பதுதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. இதை முன்பே எதிர்பார்த்து, இப்படிப்பட்ட வேலைகள் இரண்டு மூன்றை மிச்சம் வைத்திருப்பது நல்லது.

வதக்கிய வெங்காயமும் பூண்டும் போட்டாயிற்று. இஞ்சி, பச்சைமிளகாய் அரைத்த விழுதில் முதலில் பாதியைத்தான் போட்டேன். மிளகாய்க்கு மிளகாய் உறைப்பு மாறும் என்பதால் எண்ணிக்கையை நம்பாதே, நாக்கை நம்பு என்று அம்மா சொல்லியிருந்தாள். அது உண்மை. சந்தையில் வாங்கிய அந்த மிளகாய்க்குப் பாதி விழுதே கிட்டத்தட்டப் போதுமானதாக இருந்தது. இரண்டாம் பால், பருப்பு, உப்பு. இந்தக் கட்டத்தில் ருசி பார்த்தால் உப்பும் உறைப்பும் ஒரு படி தூக்கலாகத் தெரிய வேண்டும். முதல் பால் சேர்ந்ததும் அது எல்லாவற்றையும் அமர்த்திவிடும்.

முதல் பாலை ஊற்றினேன். ஓரத்தில் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்தேன். ஒத்திகையில் செய்ததுபோலவே இரண்டு நிமிடம் பொறுத்து, எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தேன்.

கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றியதும் தெரிந்துவிட்டது. பட்டுபோல இருந்த வெள்ளை உடைந்தது. முதலில் ஓரத்தில், பிறகு நடுவில், ரவை ரவையாக வெள்ளைத் துகள்கள். அவற்றுக்கிடையே தெளிந்த, மஞ்சள் ஓடிய தண்ணீர். மேலே எண்ணெய்ப் பொட்டுகள். தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது. என் கை அப்படியே நின்றுவிட்டது. எட்டு இலைகள் போட்டாயிற்று.

காரணம் அந்தப் பாத்திரம்தான். வீட்டுக்கார அம்மா அதைத்தான் சொல்லியிருந்தார். தேங்காய்ப்பாலில் கொழுப்பைத் தண்ணீரோடு பிணைத்துவைத்திருப்பது அதிலுள்ள புரதம். சுமார் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் அந்தப் புரதம் கெட்டுத் திரளத் தொடங்குகிறது. புளிப்பும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. ஒத்திகையில் மெல்லிய சிறு பாத்திரம். அணைத்த இரண்டு நிமிடத்தில் சூடு இறங்கிவிட்டது. இங்கே நாலரை லிட்டர் சொதி, கனமான அடி. அணைத்த பிறகும் அது அடுப்பில் இருப்பதுபோலவேதான் சூடாக இருந்தது. அளவுகளையெல்லாம் நான்கால் பெருக்கிய நான், பெருக்க வேண்டிய அந்த இரண்டு நிமிடத்தையும் அப்படியே விட்டுவிட்டேன்.

அம்மாவை அழைத்தேன். அவள் பதறவில்லை. "முதலில் பாத்திரத்தை அடுப்பை விட்டு இறக்கு ஐயா. இன்னொரு பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் வை. பருப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா?" இருந்தது, ஒரு கிண்ணம். "சொதியில் நாலு கரண்டி எடுத்து ஆறவை. ஆறினதும் பருப்பையும் ஒரு கரண்டி அரிசி மாவையும் அதில் போட்டு மிக்சியில் அடித்து ஊற்று. சூடாக அடிக்காதே, மூடி தெறித்துவிடும்."

பத்து நிமிடம். யாரும் எதுவும் பேசவில்லை. புனேக்குப் போகிறவன் என் பக்கத்தில் வந்து நின்று, அகலமான தட்டில் ஊற்றிய சொதியை விசிறிக்கொண்டிருந்தான். ஆறியதை அடித்தபோது, துகள்கள் மறைந்து பழைய வெள்ளை திரும்பி வந்தது. அதை ஊற்றி, மிகச் சிறிய தீயில் வைத்து, கொதி வரவிடாமல் ஒரே பக்கமாகக் கிளறினேன். பருப்பும் மாவும் பிரிந்ததைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டன. முதலில் இருந்த பளபளப்பு முழுதாக வரவில்லை. ஆனால் ரவை போய்விட்டது, கெட்டியாகவும் இருந்தது. கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டியதும் அறை முழுக்க அந்த வாசம் எழுந்தது. என் வீட்டுக் கல்யாணங்களின் வாசம்.

எட்டரைக்கு இலையில் உட்கார்ந்தார்கள். இலையின் ஓரத்தில் துவையல், காரக்கறி, அப்பளம், நடுவில் சோறு, அதன்மேல் சொதி. சேலத்துக்காரன் முதல் கவளத்தை மெதுவாக மென்று, "இது குருமாவும் இல்லை, குழம்பும் இல்லையே" என்றான். துவையலைத் தொட்டுக்கொண்டு சாப்பிடு என்றேன். தொட்டுக்கொண்டான். அதன்பிறகு அவன் பேசவில்லை. சோறு மட்டும் கேட்டான். புனேக்குப் போகிறவன் மூன்று முறை சொதி வாங்கிக்கொண்டான். நான் பரிமாறிக்கொண்டே நின்றேன். நான் சமைத்ததை ஒருவர் கை இலையில் பிசைந்து உண்பதைப் பார்ப்பது என்ன உணர்வு என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். எல்லா விருந்திலும் அம்மா ஏன் கடைசியில் சாப்பிடுகிறாள் என்று சின்ன வயதில் கோபப்பட்டிருக்கிறேன். அதில் கொஞ்சம் நியாயம் இன்னும் இருக்கிறது. ஆனால் அவள் அந்த நேரத்தில் எதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது இப்போது தெரிகிறது.

அதற்குப் பிறகு இரண்டு முறை சொதி செய்துவிட்டேன். இப்போது அடுப்பை அணைத்ததும் சாற்றைப் பிழிவதில்லை. எல்லாரும் இலையில் உட்கார்ந்து, துவையல் பரிமாறி முடிக்கும்வரை பாத்திரம் திறந்தே இருக்கும். விரலை விட்டால் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் எலுமிச்சை. முதல் பாலையும் ஒரேயடியாக ஊற்றாமல், சூடான சொதி இரண்டு கரண்டியை அதில் கலந்து வெதுவெதுப்பாக்கிய பிறகு ஊற்றுகிறேன். தாளில் இப்போது ஒவ்வொரு வரியிலும் மணியும் பர்னரும் எழுதியிருக்கிறேன். அளவுகள் ஓரத்துக்குப் போய்விட்டன. மிஞ்சிய சொதியை மறுநாளுக்கு வைக்க நான் நினைப்பதே இல்லை. தேங்காய்ப்பால் சீக்கிரம் ஊசிப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று, மிச்சமிருந்த இஞ்சித் துவையலை ஒரு கிண்ணத்தில் வைத்து உள்ளே வைத்துக்கொண்டு கீழே போனேன். பால் திரிந்த கதையையும் சொன்னேன். வீட்டுக்கார அம்மா துவையலை விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"வெல்லம் எவ்வளவு போட்டாய் கண்ணு?"

"ஒரு சின்ன உருண்டை, அம்மா."

"இன்னொரு துண்டு போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தோசை வார்க்க உள்ளே போனார்.